மூன்றாவது நாற்காலி எங்கே?

(தூத்துக்குடியில் ஆலை, துறைமுக, உப்பளத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் முதல் பார்வைக்குத் தூரத்து விஷயமாகத் தோன்றும். ஆட்சிக்கு வரத் துடிக்கும் தலைவர்கள் தேர்தலுக்கு முன்னால் ஒரே மேடையில் நின்று, மக்கள் கேட்க வாதம் செய்கிறார்கள் அல்லவா? அந்த மேடையில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை, அதைத் தீர்மானிப்பவர் யார்? இதுதான் விஷயம்.

"ஆலையில் நிரந்தர வேலை போய்க் காண்ட்ராக்ட் வேலை வந்துவிட்டது. வயலில் வேலை நாட்கள் குறைந்துவிட்டன. இந்த நேரத்தில் ஜனாதிபதிகளின் மேடைப் பேச்சைப் பற்றி நமக்கு என்ன கவலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், காண்ட்ராக்ட் வேலையைப் பற்றிய பேச்சு நாட்டின் பெரிய மேடைகளில் ஏன் எழுவதே இல்லை என்று நாம் யோசித்ததுண்டா? அதைப் பேசக்கூடியவர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். அதனால்தான் எழுவதில்லை. அந்த வாசலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இருவருக்கு ஒரு கடிதம்

2024 பார்லிமெண்ட் தேர்தல் நடந்துகொண்டிருந்த மே மாதத்தில், சுப்ரீம் கோர்ட் முன்னாள் நீதிபதி மதன் லோகுர், டில்லி ஹைகோர்ட் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகிய மூவரும் ஒரு கடிதம் எழுதினார்கள். பிரதமர் நரேந்திர மோடிக்கும் காங்கிரஸ் தலைவர் ராகுல் காந்திக்கும் அந்தக் கடிதம் போயிற்று. கட்சி சார்பில்லாத பொது மேடை ஒன்றில் இருவரும் விவாதம் நடத்த வேண்டும் என்று அழைத்தார்கள். ராகுல் காந்தி சம்மதித்தார். பிரதமர் வரவில்லை. விவாதம் நடக்கவில்லை.

கடிதம் எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆள்பவர்களை மக்கள் முன் நிறுத்திக் கணக்குக் கேட்பது நல்ல காரியம். பதில் சொல்ல வராதவரே கண்டனத்துக்குரியவர். ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மேடையில் போடப்பட்ட நாற்காலிகள் இரண்டே இரண்டு. நம் நாட்டில் பிரதமரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 543 தொகுதிகளில் 543 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். எத்தனையோ கட்சிகள் நிற்கின்றன. இடதுசாரிக் கட்சிகள் நிற்கின்றன. மாநிலக் கட்சிகள் நிற்கின்றன. இவ்வளவையும் "இவரா, அவரா?" என்று இரண்டு முகங்களாகச் சுருக்குவது அமெரிக்காவில் பழகிய வழக்கம். அந்த வழக்கம் அங்கே எப்படி உண்டாயிற்று, யாருக்கு லாபமாயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டுக்குள் அதை அனுமதிக்கலாமா என்று முடிவு செய்யலாம்.

வாசலைப் பூட்டிய கதை

1960ல் கென்னடியும் நிக்ஸனும் டெலிவிஷனில் விவாதம் செய்தார்கள். அப்போது அமெரிக்காவில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு அபேட்சகருக்கு ரேடியோவிலோ டெலிவிஷனிலோ நேரம் கொடுத்தால், அதே பதவிக்கு நிற்கும் மற்ற அபேட்சகர்களுக்கும் சம வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். நல்ல சட்டம்தானே? அந்த விவாதத்துக்காக அமெரிக்கக் காங்கிரஸ் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது! இருவர் பேச வேண்டும் என்பதற்காக மற்றவர்களின் உரிமை ஒதுக்கி வைக்கப்பட்டது.

பிறகு பெண் வாக்காளர் சங்கம் என்ற பொது ஸ்தாபனம் விவாதங்களை நடத்திற்று. 1980ல் ஜான் ஆண்டர்ஸன் என்பவர் சுயேச்சையாக நின்றார். மக்கள் அபிப்பிராயக் கணக்கெடுப்பில் 15 சதவிகித ஆதரவு இருந்தால் மேடைக்கு வரலாம் என்று சங்கம் சொல்லியிருந்தது. ஆண்டர்ஸன் வந்தார். ஜனாதிபதியாக இருந்த கார்ட்டர் அந்த மேடைக்கு வர மறுத்துவிட்டார். ஆண்டர்ஸனின் ஆதரவு குறைந்தது. அவர் இல்லாத மேடையில்தான் கார்ட்டர் ரீகனோடு வாதம் செய்தார்.

1987ல் இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்களும் சேர்ந்து விவாதக் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். அதற்குப் பெரும் கம்பெனிகள் பணம் கொடுத்தன. அடுத்த ஆண்டே பெண் வாக்காளர் சங்கம் விலகிற்று. இரண்டு தரப்புப் பிரசார நிர்வாகிகளும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு நிபந்தனை போடுகிறார்கள். இது வாக்காளரை ஏமாற்றும் மோசடி. இதற்கு நாங்கள் துணை போக மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டு வெளியேறிற்று.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2000ல் ரால்ப் நேடர் பசுமைக் கட்சியின் அபேட்சகர். விவாதம் நடந்த பாஸ்டன் நகரத்துக்கு டிக்கெட்டோடு போனார். மேடையில் ஏற அல்ல. பக்கத்து மண்டபத்தில் திரையில் பார்ப்பதற்கான டிக்கெட் அது. அதற்குக்கூட உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். 2012ல் அதே கட்சியின் ஜில் ஸ்டைன் விவாத மண்டபத்துக்குள் நுழைய முயன்றபோது கைது செய்யப்பட்டுப் பல மணி நேரம் காவலில் வைக்கப்பட்டார். ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் இருந்தது. மேடையில் அவருக்கு இடம் இல்லை!

இருவரும் ஒத்துப்போகிற இடம்

இருவரே பேசினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். இருவர் ஆயிரம் விஷயங்களில் சண்டையிடுவார்கள். ஆனால் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்று இருந்தால், அந்த மேடையில் அதைப் பற்றிக் கேள்வியே எழாது. அங்கேதான் உழைப்பாளி மக்களின் தலையில் கல் விழுகிறது.

1992ல் புஷ்ஷும் கிளிண்டனும் போட்டியிட்டார்கள். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றும் சேர்ந்து செய்யும் வியாபார ஒப்பந்தத்தை இருவரும் ஆதரித்தார்கள். ராஸ் பெரோ என்ற மூன்றாமவரை அந்த ஆண்டு மேடைக்கு அழைத்தார்கள். "கூலி மலிவான இடத்தைத் தேடி முதலாளிகள் ஆலைகளைப் பெயர்த்துக்கொண்டு போவார்கள், இங்கே வேலை போகும்" என்ற கருத்தை அவர்தான் அந்த மேடையில் எழுப்பினார். பெரோ தொழிலாளி அல்ல, கோடீஸ்வரர். தன் கைப்பணத்தைக் கொட்டி டெலிவிஷனில் நேரம் வாங்கியவர். நமக்கு அவரோடு கொள்கை உறவு எதுவும் இல்லை. ஆயினும் பஞ்சாலைத் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி அன்று நாடு முழுவதும் ஒலித்தது. மேடையேறுவதற்குச் சற்று முன் கணக்கெடுப்பில் 15 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தவர், தேர்தலில் சுமார் 19 சதவிகித ஓட்டு வாங்கினார்.

பலன் என்ன? 1996ல் அவரை மேடைக்கு அழைக்கவில்லை. ஜெயிக்கும் வாய்ப்பு இல்லாதவர் என்று கமிஷன் சொல்லிவிட்டது. 2000 தேர்தலிலிருந்து 15 சதவிகிதம் இல்லாதவருக்கு மேடை இல்லை என்பதை விதியாகவே ஆக்கிற்று. 2024ல் அந்தக் கமிஷனையே இரு கட்சிகளும் ஓரங்கட்டிவிட்டு டெலிவிஷன் கம்பெனிகளின் மேடைக்குப் போயின. ஆனால் 15 சதவிகிதப் பூட்டு அங்கேயும் தொங்கிற்று.

இந்தப் பூட்டின் சூட்சுமத்தைப் பாருங்கள். மேடை ஏறினால்தான் பெயர் தெரியும். பெயர் தெரிந்தால்தான் 15 சதவிகிதம் கிடைக்கும். 15 சதவிகிதம் இருந்தால்தான் மேடை ஏறலாம்! பணம் உள்ளவன் பணத்தால் இதைத் தாண்டுவான். பணம் இல்லாதவன் வாசலிலேயே நிற்பான்.

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961ல். வெள்ளைக்காரன் காலத்துச் சலாபங்களில் மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளி வந்தவர் குளிகாரர். கரைக்கு வந்ததும் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. சர்க்கார் பங்கு வியாபாரிகளுக்கு ஏலம் போகும். பங்கை வகுத்தவர் குளித்தவரா? இல்லை. கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் வகுத்தார்கள். பங்குச் சட்டத்தை ஒரு தரப்பே எழுதினால் பங்கு எப்படிப் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சிறிய கட்சிக்கு என்ன மதிப்பு?

"ஜெயிக்காதவனின் பேச்சைக் கேட்டு என்ன பயன்?" என்பது அடுத்த கேள்வி.

யூஜின் டெப்ஸ் அமெரிக்க ரயில்வே தொழிலாளர் தலைவர்; சோஷலிஸ்ட். யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறை வைக்கப்பட்டு, 1920ல் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். அவர் ஒருபோதும் ஜெயிக்கவில்லை. ஆனால் முதியோர் பென்ஷன், வேலையில்லாதவருக்கு இன்ஷூரன்ஸ், குழந்தை உழைப்புக்குத் தடை ஆகியவற்றை அவரது கட்சி 1912லேயே கேட்டது. 1935லும் 1938லும் பெரிய கட்சியின் ஆட்சியே இவற்றுக்குச் சட்டம் போட வேண்டி வந்தது. சிறிய கட்சி விதைத்தது. பெரிய கட்சி அறுத்தது. உழைப்பாளி மக்கள் கொஞ்சமாவது உண்டார்கள்.

நம் நாட்டைப் பாருங்கள். 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் லோக்சபைக்குக் கம்யூனிஸ்ட் கட்சி வாங்கிய ஓட்டு சுமார் 3.3 சதவிகிதம். கிடைத்த ஸ்தானங்கள் 16. அந்தச் சபையில் எதிர்த் தரப்பில் மிகப் பெரிய கட்சி அதுவே. 15 சதவிகித விதி அன்று இங்கே இருந்திருந்தால், ஏ.கே. கோபாலன் போன்றவர்கள் விவாத மேடையின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

கடலுக்கு அக்கரையில்

நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கைக்கு வருவோம். தோணியில் சரக்கேற்றிக் கொழும்புக்குப் போய் வந்த குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அங்கே ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 தேர்தலில் நின்றவர்கள் 35 பேர். அநுரகுமார திஸாநாயக்க மூன்றாவதாக வந்தார். வாங்கிய ஓட்டு 3.16 சதவிகிதம். "இவருக்கு எதற்கு மேடை?" என்று கேட்கத்தக்க கணக்குத்தான்.

2022ல் இலங்கைப் பொருளாதாரம் நொறுங்கிற்று. பெட்ரோலுக்கும் காஸுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். மாறி மாறி ஆண்ட குடும்பங்கள் மீது மக்கள் நம்பிக்கை இழந்தார்கள். 2024 செப்டம்பர் 21 தேர்தலில் அதே மனிதர் 42.31 சதவிகித ஓட்டோடு முதலிடம் பெற்று ஜனாதிபதியானார். ஐந்தே ஆண்டில் மூன்று சதவிகிதம் நாற்பத்திரண்டாயிற்று! நேற்றைய கணக்கைக் கொண்டு நாளைய குரலை அடைப்பது எவ்வளவு பெரிய மடமை!

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அவரது ஜனதா விமுக்தி பெரமுனவின் பழைய பாதை முழுவதையும் நாம் ஏற்கவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அது எதிர்த்ததைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை. அதே 2024 தேர்தலில் தமிழ்ப் பொது அபேட்சகராக பா. அரியநேத்திரன் நின்று 2 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். அவர் ஜெயிக்கப் போவதில்லை என்பது அவருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும் தெரியும். "எங்கள் பிரச்னையும் இந்தத் தேர்தலில் உண்டு" என்று சொல்வதற்காகப் போட்டார்கள். அந்தக் குரலுக்கும் மேடை வேண்டும் என்பதே நம் வாதம். நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் நாற்காலி கேட்பது ஜனநாயகம் அல்ல.

"மூன்றாமவர் நின்றால் ஓட்டுச் சிதறும், கெட்டவன் ஜெயித்துவிடுவான்" என்று சொல்வார்கள். இது உண்மையான பயம். நாமே கூட்டணி வைக்கும்போது இதைக் கணக்கில் எடுக்கிறோம். இலங்கையில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம். எவருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2024ல்தான் முதன்முறையாக அப்படி இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. ஆகவே ஓட்டுச் சிதறும் என்றால் எண்ணும் முறையைத் திருத்துங்கள். மனிதனின் வாயை அடைக்காதீர்கள்!

பதினொரு பேர் நின்ற மேடை

"இலங்கையில் 35 பேர் நின்றார்களே, 35 பேரையும் மேடை ஏற்ற முடியுமா?" என்று கேட்பார்கள். விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறோம்.

பிரான்ஸில் 2017 ஏப்ரல் 4 அன்று ஜனாதிபதித் தேர்தலில் நின்ற 11 பேரும் ஒரே டெலிவிஷன் மேடையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் பிலிப் பூட்டு. போர்டோ நகரத்துக்கு அருகே போர்டு கார் கம்பெனித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வலதுசாரித் தலைவி லெ பென் மீது அப்போது பண விவகார விசாரணை நடந்துகொண்டிருந்தது. பார்லிமெண்ட் உறுப்பினருக்குள்ள பாதுகாப்பைக் காட்டிப் போலீஸ் விசாரணைக்குப் போகாமல் இருந்தார் அவர். பூட்டு நேருக்கு நேராகக் கேட்டார்: எங்களைப் போலீஸ் கூப்பிட்டால் நாங்கள் போயாக வேண்டும், தொழிலாளிக்கு அப்படி ஒரு பாதுகாப்புக் கிடையாதே என்று. பெரிய தலைவி வாயடைத்து நின்றதை நாடே பார்த்தது. தேர்தலில் பூட்டு வாங்கியது ஒரு சதவிகிதத்தை ஒட்டிய ஓட்டுத்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்க அங்கே வேறு யாருக்கும் துணிவு வரவில்லை. ஒரு தொழிலாளிக்கு வந்தது.

நம் ரேடியோவில் என்ன நடந்தது?

நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு ஆல் இந்தியா ரேடியோவிலும் தூர்தர்ஷனிலும் தேர்தல் காலத்தில் இலவச நேரம் உண்டு. 1977ல் ரேடியோவில் தொடங்கிய ஏற்பாடு அது. ஒரு பகுதி நேரம் சமமாகவும், மீதி வாங்கிய ஓட்டுக்கு ஏற்பவும் பிரிக்கப்படுகிறது. பணத்துக்கு விற்கப்படாத இந்த நேரம் ஒரு நல்ல ஏற்பாடு. இதைப் பாதுகாக்க வேண்டும்.

ஆனால் பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 மே மாதத்தில் தோழர் சீத்தாராம் யெச்சூரி தம் பேச்சைக் கொடுத்தார். வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி, கொடுங்கோல் சட்டங்கள் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களை நீக்கச் சொன்னார்கள். ஆட்சியின் திவால் என்பதைத் தோல்வி என்று மாற்றச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக் தோழர் தேவராஜனின் பேச்சிலிருந்து முஸ்லிம்கள் என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். ஆள்பவனைக் குறை சொல்வதற்கு ஆள்பவனின் ரேடியோவே சொல் அளந்து கொடுக்குமாம்!

2023 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கட்சி அந்தஸ்தைத் தேர்தல் கமிஷன் எடுத்துவிட்டது. ரேடியோ நேரமும் இந்த அந்தஸ்தோடு கட்டப்பட்டதுதான். நம் வீட்டில் வலிக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளை மீனவர் சங்கமோ மலைவாழ் மக்களின் கட்சியோ புதிதாகத் தோன்றினால் அவர்களுக்கும் இதே வாசல்தான் என்பதற்காகச் சொல்கிறோம்.

தோழர்களே! மற்றவர்களைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் சங்கத் தேர்தலில் மாற்று அபிப்பிராயம் உள்ள தொழிலாளிக்குப் பேச நேரம் கொடுக்கிறோமா? சோஷலிஸத்தின் பெயரால் ஆட்சி நடந்த நாடுகளில் மாற்றுக் குரலுக்கு மேடை மறுக்கப்பட்டபோது, கடைசியில் விலை கொடுத்தது தொழிலாளி வர்க்கமே. அந்தப் பாடத்தை மறந்துவிட்டு அமெரிக்காவை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

நாம் செய்ய வேண்டியது

1908 பிப்ரவரியில் இந்த ஊர்க் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மேடை போட்டுப் பேசினார்கள். தொழிலாளர்கள் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் பெற்றார்கள். வெள்ளைச் சர்க்கார் என்ன செய்தது? மார்ச் 12 அன்று பேசியவர்களைக் கைது செய்தது. மேடையின் சக்தி என்ன என்பது அடக்குகிறவனுக்கு நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும்.

நாம் கேட்பது இவ்வளவுதான். மேடைக்கு யார் வரலாம் என்ற விதியைப் போட்டியில் இருக்கும் கட்சிகளோ டெலிவிஷன் முதலாளிகளோ எழுதக் கூடாது. சுதந்திரமான பொது ஸ்தாபனம் எழுத வேண்டும். அந்த விதி தேர்தலுக்கு வெகு முன்பே எல்லோருக்கும் தெரிய வேண்டும். அபிப்பிராயக் கணக்கெடுப்பை அளவுகோலாக வைக்கக் கூடாது; எத்தனை தொகுதியில் நிற்கிறார்கள், எத்தனை மக்கள் கையெழுத்திட்டு ஆதரிக்கிறார்கள் என்பதைப் பார்க்கட்டும். முதல் சுற்றிலாவது எல்லோருக்கும் சம நேரம் கொடுக்கட்டும். அரசியல் விமர்சனத்தில் ரேடியோ அதிகாரி கத்தரி வைக்கக் கூடாது.

டில்லியில் இது நடக்கும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அடுத்த தேர்தல் வரும்போது இந்த ஊரிலேயே பொது மேடை போடுவோம். நிற்கும் அபேட்சகர் அத்தனை பேருக்கும், சுயேச்சைகள் உட்பட, ஒரே மாதிரிக் கடிதம் அனுப்புவோம். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு நேரம். கேள்வி கேட்பவர்கள் நாம். காண்ட்ராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்குவீர்களா? உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலையற்று நிற்பவருக்கு என்ன வழி? விவசாயத் தொழிலாளிக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை? 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்த ஊர் இது. அருணா ஜெகதீசன் கமிஷன் 2022ல் கொடுத்த அறிக்கை மீது என்ன செய்வீர்கள்? வராதவரின் நாற்காலியைக் காலியாகவே மேடையில் வைப்போம். அந்தக் காலி நாற்காலியும் மக்களிடம் பேசும்!

தோழர்களே! ஓட்டுச் சீட்டில் கோடீஸ்வரனின் பெயருக்கும் கூலிக்காரனின் பெயருக்கும் ஒரே அளவு இடம்தான். அந்தச் சமத்துவத்தை நம் முன்னோர்கள் போராடி வாங்கினார்கள். ஓட்டுச் சீட்டில் உள்ள அந்தச் சமத்துவம் மேடைக்கும் வர வேண்டும்.

எல்லாக் குரலையும் கேட்போம்! கேட்ட பிறகே ஓட்டுப் போடுவோம்! மூன்றாவது நாற்காலியை நாமே கொண்டுபோய்ப் போடுவோம்!